சாயங்காலம் வரச் சொன்ன டாக்டருக்கு

அடி வைதேகி, என் செல்லமே,

சனிக்கிழமை ஷெரினுக்கு எக்ஸ்ரே எடுத்தார்கள். என்ன வந்தது என்று உனக்கு இப்போதே தெரிய வேண்டும், எனக்குத் தெரியாதா? ஆனால் இந்தக் கடிதத்தை மற்றவர்களும் படிக்கப் போகிறார்கள். அவர்களுக்காக உனக்குத் தெரிந்த கதையையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். உன் பொறுமையையெல்லாம் நோயாளிகளுக்கே கொடுத்துவிட்டு எனக்கு மட்டும் மிச்சம் வைக்காதவள் நீ.

என் மகள் ஷெரின் குறைமாதத்தில் பிறந்தவள். மூளையிலிருந்து போக வேண்டிய உத்தரவு அவள் கால்களுக்குச் சரியாகப் போய்ச் சேராது. சில தசைகள் இறுகிக் கிடக்கும், சில துவண்டு கிடக்கும். சின்ன வயதில் நுனிக்காலில் நடந்தே சாந்தோம் தெருவெல்லாம் சுற்றியவள், பதின்மூன்று வயதில் கிடுகிடுவென்று வளர்ந்தாள். எலும்பு வளர்ந்த வேகத்துக்குத் தசை ஈடுகொடுக்கவில்லை. இரண்டு முட்டியும் மடங்கியபடியே நின்றுவிட்டன. நாற்காலியில் உட்காரப் போகிறவள் போல நடந்தாள். இப்படியே போனால் நடையே நின்றுவிடும் என்று நான் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தேன்.

பார்த்தவர்கள் எல்லோரும் குதிகாலைத்தான் பார்த்தார்கள். அங்கே ஒரு சின்ன ஆபரேஷன் செய்து இறுகிய தசைநாரைத் தளர்த்திவிட்டால் போதும் என்றார்கள். தேதிகூடக் குறித்தாயிற்று. கூடப் படித்த, தங்கை மாதிரி ஒருத்தி எலும்பு டாக்டராக இருக்கிறாளே, ஒரு வார்த்தை கேட்போம் என்று ஒரு நாள் காலையில் மயிலாப்பூரில் உன் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். நீ அவளை வராந்தாவில் நடக்கவிட்டுப் பார்த்தாய். பிறகு எங்களைத் திருப்பி அனுப்பினாய்.

"காலம்பற எல்லாக் குழந்தையும் நன்னாத்தான் நடக்கும், ரெஜி. ஸ்கூல் விட்டதும் நேரா அழைச்சுண்டு வா. புத்தகப் பையை இறக்காதே. களைச்சுப்போன காலைத்தான் நான் பார்க்கணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வெளியே நின்ற ஆட்டோக்காரர், "இன்னாம்மா, போன சுருக்குல வந்துட்டீங்க? டாக்டர் இல்லியா?" என்றார். "இருக்காங்க, அதான் பிரச்சனை" என்றேன்.

சாயங்காலம் வந்தோம். நீ பருத்திப் புடவையைச் செருகிக்கொண்டு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாய். முட்டியைப் பார்க்க வேண்டுமானால் கண் முட்டி உயரத்தில் இருக்க வேண்டுமாம். ஷெரின் பையோடு தள்ளாடித் தள்ளாடி நடந்து முடித்ததும், என்னை ஒரு பொருட்டாகவே மதிக்காமல் அவளிடம் கேட்டாய்.

"உனக்கு என்னடி வேணும்?"

"கோயில் கொயர்ல நின்னு பாடணும், சித்தி. பாதிப் பாட்டுலயே முட்டி வலிச்சு உக்காந்துடறேன். உக்காந்தா மேல் சுருதி வர மாட்டேங்குது."

பெற்றவள் எனக்கு அது தெரியாது. நான் நடையை நினைத்து அழுதுகொண்டிருந்தேன். அவளுக்கு நிற்க வேண்டும் என்பதுதான் ஆசை. எத்தனை டாக்டர்களிடம் போயிருப்போம், ஒருவராவது அவளைக் கேட்டார்களா?

"குதிகாலைத் தளர்த்தினா இன்னும் உக்காந்துடுவா. கோளாறு முட்டியில. நல்ல வேளை, இன்னும் வளர்ந்துண்டிருக்கா" என்று எனக்கு விளக்கினாய். தொடை எலும்பு வளரும் இடத்தில், முட்டிக்கு முன்பக்கம் சின்னத் தகடு வைத்து வளர்ச்சியைக் கொஞ்சம் பிடித்து வைப்பது. பின்பக்கம் பாட்டுக்கு வளரும். அவள் வளர வளர முட்டி தானாக நிமிரும். "ஆனா வளர்த்தி நிக்கறதுக்குள்ள நிமிரணும். இல்லேன்னா எலும்பை வெட்டித்தான் நேராக்கணும். பெரிய ஆபரேஷன். இப்பவே சொல்லிட்டேன், அப்பறம் அழாதே."

நான் சும்மா இருப்பேனா? ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தால் ஷெரின் வேளாங்கண்ணி மணலில் முட்டி போட்டு நடப்பாள் என்று மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன். தகடு வைத்து முடிந்த பிறகு உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய், பிறகு திட்டினாய். "தகடு வெச்ச முட்டியை மணல்ல தேய்க்கறதா? நேர்ந்துண்டது நீ. முட்டி எதுக்கு அவளோடது?" மாதாவிடம் மன்னிப்புக் கேட்டு ஆளை மாற்றிக்கொண்டு நானே நடந்தேன். தோல் உரிந்து வந்த எனக்கு மருந்து போட்டுவிட்டு, "இப்பத் தெரியறதோ, முட்டின்னா என்னன்னு?" என்றாய்.

முட்டி பாதி நிமிர்ந்திருந்தபோதுதான் உனக்கு அந்த நோய் வந்தது. நாங்கள் அடையாறு கேன்சர் ஆஸ்பத்திரிக்கு உன்னைப் பார்க்க வந்தோம். நான் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டிருந்தேன். நீ ஷெரினை ஜன்னல் வரை நடந்துவிட்டு வரச் சொன்னாய். தலையணையிலிருந்து தலையைத் தூக்க உனக்குச் சக்தியில்லை. படுத்தபடியே பார்த்தாய். "வலது நன்னா வரது. இடதுதான் சோம்பேறி. தொடைக்கு எக்சர்சைஸ் பண்றியோ?" அன்று உன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச விட்டாயா நீ? உன்னைப் போல ஒரு டாக்டரை நான் இனி எங்கே பார்ப்பேன்?

நீ போன பிறகு அவளுக்கு வளர்த்தி குறைந்துகொண்டே வந்தது, இடது முட்டி பிடிவாதம் பிடித்தது. எலும்பை வெட்ட வேண்டி வந்தால் யாரிடம் போவது என்று நினைத்தாலே தூக்கம் போய்விடும். சனிக்கிழமை, உன்னோடு வேலை பார்த்த அந்த இளம் டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஷெரினைப் படுக்க வைத்து, நிற்க வைத்து, இரண்டு முட்டியையும் அளந்தார். "நேரா வந்துடுச்சும்மா. தகட்டை எடுத்துடலாம். மேடம் இருந்திருந்தா..." என்றவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அங்கேயே அழுதேன். ஞாயிற்றுக்கிழமை அவள் கடைசிப் பாட்டு வரை நின்றாள். குரல் ஒரு இடத்தில் பிசிறியது, பரவாயில்லை.

இன்னொன்று. தினமும் அவள் கட்டிலில் உட்கார்ந்து ஷூ மாட்டும்போதே நெற்றியில் சிலுவை போட்டு அனுப்புவேன். திங்கட்கிழமை நான் அடுப்படியிலிருந்து வருவதற்குள் அவள் கிளம்பி வாசலில் நின்றிருந்தாள். கையைத் தூக்கினேன். நெற்றி எட்டவில்லை. என்னைவிட உயரம், வைதேகி. மடங்கி நின்ற பிள்ளையின் உயரம் இவ்வளவென்று யாருக்குத் தெரியும்? "இரும்மா" என்று எனக்காகக் குனிந்தாள். தலைதான் தாழ்ந்தது. முட்டி இரண்டும் நேராகவே நின்றன.

அந்த உயரத்தைக் குறைய விட மாட்டேன். தகடு எடுத்த பிறகும் தினமும் எக்சர்சைஸ் உண்டு. அழுதாலும் விட மாட்டேன், கெஞ்சினாலும் விட மாட்டேன். இனி அது என் பொறுப்பு, நீ நிம்மதியாக இரு.

உன்னைவிடச் சில மாதமே மூத்த,
உன் அக்கா
ரெஜினா