வலியில்லாத பதினான்கு நாட்கள்

ஜனவரி 9

நிலத்தகராறு ஒன்றுக்கு இரண்டு மணி நேரம் நின்றபடி மொழிபெயர்த்தேன். பதினொன்றரைக்கு இடது கண்ணுக்குப் பின்னால் ஒற்றைத் தலைவலி ஆரம்பித்துவிட்டது. சாட்சியின் முகத்தில் பாதியைக் காணோம். வாய் இருக்க வேண்டிய இடத்தில் ரம்பப் பல் மாதிரி ஒரு வெள்ளைக் கோடு மின்னிக்கொண்டிருந்தது. இல்லாத வாயிலிருந்து வந்த பேச்சைத்தான் நீதிபதிக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு சொல் பிசகவில்லை. இடைவேளையில் கழிவறையில் வாந்தி. முகம் கழுவிவிட்டு மறுபடி போய் நின்றேன்.

டைப்பிஸ்ட் அக்கா, “உன் தலை கழண்டு விழுந்தாலும் வாய் பாட்டுக்கு ஓடும்டி” என்றார். பாராட்டுத்தான்.

இன்று வலி மாத்திரை மூன்று. இந்த ஒன்பது நாளில் பதினேழு.

ஜனவரி 12

நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தார். எங்கள் வீட்டுச் சின்னது ஈரத்துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கூடத்துக்கு நடந்து வந்தாள். பதினொரு வயது. “லைட்டை அணைங்க… மெதுவாப் பேசுங்க… யாரு அங்க மூச்சு விடறது?”

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இவர் போனை எடுத்து, “இன்னொரு தடவை செய்டா கண்ணு” என்று படம் பிடித்தார்.

நாத்தனார் சொன்னார்: “அப்படியே அம்மா மாதிரி. அம்மாவை விட நல்லா நடிக்குது.”

நானும் சிரித்தேன். சிரித்தால் இடது பக்கம் இடிக்கிறது.

ஜனவரி 20

நரம்பு மருத்துவர். ஐம்பது வயதிருக்கும். நான் எழுதிக்கொண்டு போன கணக்கை முழுதாகப் படித்தார். இதுவரை எந்த டாக்டரும் படித்ததில்லை.

“மாசத்துல பாதி நாள் வலி மாத்திரை போட்டா, அந்த மாத்திரையே தலைவலியைக் கூட்டிட்டு வரும். முதல்ல அதை நிறுத்தணும்.”

இவர் குறுக்கே, “பச்சத்தண்ணில மூஞ்சி கழுவிட்டு வேலையைப் பாத்தா தானாப் போயிடும் டாக்டர். இவ அதையே நெனச்சுக்கிட்டு இருக்கா” என்றார். டாக்டர் அவர் பக்கம் திரும்பவில்லை.

வந்த வலியை நிறுத்துவது வேறு, வராமல் தடுப்பது வேறாம். நிறுத்துவதற்கு சுமாட்ரிப்டான். ஆரம்பித்த உடனே போட வேண்டும், மாதத்தில் பத்து நாளைத் தொடக்கூடாது. தடுப்பதற்குத் தினமும் ஒன்று. புரோப்ரனலாலில் ஆரம்பிக்கலாம் என்று எழுதியவர், “மூச்சிரைப்பு உண்டா?” என்றார். உண்டு. குளிர்காலத்தில் இன்னும் இன்ஹேலர் வைத்திருக்கிறேன். அடித்துவிட்டார். அடுத்தது அமிட்ரிப்டிலின்: தூக்கம் வரும், வாய் உலரும், எடை ஏறும். அதற்கடுத்தது டோபிரமேட்: எடை இறங்கும், விரல் மரத்துப்போகும், கர்ப்பம் ஆகவே கூடாது.

“அப்புறம், சில பேருக்கு இதுல வார்த்தை கிடைக்காது.”

“கிடைக்காதுன்னா?”

“தெரிஞ்ச வார்த்தைதான். நாக்கு நுனில நிக்கும், வராது. இல்ல, வேற ஒண்ணு வந்துடும். நீங்க என்ன வேலை பாக்கறீங்க?”

சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு என்னையே பார்த்தார். “அப்ப தூக்கத்துல ஆரம்பிப்போம்.”

ஜனவரி 25

வலி மாத்திரையை நிறுத்தி ஐந்தாம் நாள். இதை எழுதக்கூட – முடியலை.

பிப்ரவரி 18

வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நான் எழுந்திருப்பதே இல்லை. உடம்பு எழுகிறது, ஆள் பத்து மணிக்கு மேல்தான் வந்து சேர்கிறேன். நாக்கு அட்டை மாதிரி இருக்கிறது. ஆறு கிலோ ஏறிவிட்டேன்.

இவர்: “கட்டிக்கிட்டது ஒருத்தியை. இப்ப ஒண்ணரை ஆள் படுத்திருக்கு.”

மார்ச் 9

இவர் வெளியூர். அலாரம் மூன்று முறை அடித்து ஓய்ந்திருக்கிறது. சின்னது உலுக்கியிருக்கிறாள், கத்தியிருக்கிறாள், கடைசியில் தம்ளர் தண்ணீரை முகத்தில் ஊற்றியிருக்கிறாள். அதற்குள் பள்ளிச் சுற்றுலாப் பேருந்து கிளம்பிவிட்டது. மூன்று மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அழவில்லை. சீருடையோடு நாள் முழுவதும் சோபாவில் உட்கார்ந்திருந்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்கு, “நீ போய்த் தூங்கும்மா” என்றாள்.

இவர் போனில்: “முன்னாடி வலின்னு படுத்த. இப்ப வலி இல்லேன்னு படுக்கற. எதுக்குத்தான் எந்திரிப்ப?”

மார்ச் 16

டாக்டரிடம் மூன்றாவதாகச் சொன்ன டோபிரமேட்டை நானாகவே கேட்டேன். “உங்க தொழிலுக்கு…” என்று இழுத்தார். எல்லோருக்கும் அப்படி ஆவதில்லையே என்றேன். எல்லோருக்கும் இல்லை என்று ஒத்துக்கொண்டார். வாரத்துக்குக் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போக வேண்டும். “வார்த்தை தடுமாறினா உடனே எனக்குச் சொல்லணும். உடனே.”

தலையாட்டினேன்.

ஏப்ரல் 19

விரல் நுனியில் எறும்பு ஊர்கிறது. சோடா குடித்தால் தகரத்தை நக்குகிற மாதிரி இருக்கிறது. போகட்டும். மார்ச்சில் வலி பதின்மூன்று நாள். இந்த மாதம் இதுவரை நான்கே நான்கு!

இன்று வெயிலில் கண்ணைச் சுருக்காமல் தெருமுனை வரை நடந்தேன். பழக்கடைக்காரர் தட்டுகளை அடுக்கும் சத்தம் வெறும் சத்தமாகக் கேட்டது.

மே 10

காலையில் சின்னதுக்குத் தலை வாரும்போது, “அதை எடு” என்றேன். எதை? “தலைக்கு… பல்லு இருக்குமே.” “பல்செட்டா?” என்று உருண்டு சிரித்தாள். சீப்பு. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தெரிந்த சொல்.

மாலையில் இவரோடு சண்டை. நாத்தனாருக்குக் கால் அறுவை சிகிச்சையாம். நான் இரண்டு மாதம் விடுப்பு எடுத்துப் பார்த்துக்கொள்வேன் என்று இவரே வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். “என்கிட்ட ஒரு…” என்று ஆரம்பித்தேன். அடுத்த சொல் வரவில்லை. இவர் கையை உயர்த்தி ஒவ்வொரு விரலாக மடக்கினார்.

“ஒண்ணு… ரெண்டு… மூணு… டைம் முடிஞ்சுது. நான் ஜெயிச்சேன்.”

பன்னிரண்டு வருடமாக வாயாடி என்று பெயர் எடுத்தவள். பாத்திரம் கழுவும்போது வந்தது அந்தச் சொல். சம்மதம். யாரிடம் போய்ச் சொல்ல?

மே 31

இந்த மாதம் வலி இரண்டே நாள். டாக்டர் போனில் கேட்டார்: “வார்த்தை எப்படி இருக்கு?”

“நல்லா இருக்கு மேடம்.”

கோர்ட்டில் இருமினால் இரண்டு விநாடி கிடைக்கிறது. தண்ணீர் குடித்தால் ஐந்து. யாருக்கும் தெரியவில்லை.

ஜூன் 11

சாரம் கட்டுகிற தொழிலாளி ஒருவரின் ஜாமீன் விசாரணை. இருபத்தெட்டு வயது. இரண்டாம் மாடிச் சாரத்திலிருந்து மேஸ்திரி விழுந்து இறந்துபோயிருக்கிறார். அந்தத் தொழிலாளிதான் தள்ளினார் என்று வழக்கு. கோர்ட்டிலேயே அவர் மொழி தெரிந்தவள் நான் ஒருத்திதான். சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னார். எனக்குச் சிரமம் வைக்கக் கூடாது என்று நினைத்தாரோ என்னவோ. நானும் கடகடவென்று சொல்லி முடித்தேன். ஜாமீன் கிடைக்கவில்லை.

தலை தெளிவாக இருக்கிறது. பேருந்தில் ஜன்னலோரம் –

கடவுளே.

அவர் சொன்னது: மேஸ்திரி தடுமாறினார், நான் தாங்கினேன், சட்டை கிழிந்துவிட்டது.

நான் சொன்னது: மேஸ்திரி தடுமாறினார், நான் தாக்கினேன், சட்டை கிழிந்துவிட்டது.

அரசு வக்கீல் அந்தச் சொல்லை இரண்டு முறை திரும்பச் சொன்னார். டைப்பிஸ்ட் அக்கா தட்டச்சு செய்ததை வாசித்துக் காட்டினார். காதில் விழுந்தது; உறைக்கவில்லை. அந்தத் தாளை அவர் மொழியில் அவருக்குச் சொல்ல வேண்டியதும் நான்தானே? அப்போது அவர் சொன்னபடியே, சரியாகச் சொல்லியிருக்கிறேன். தாங்கினேன் என்று. அதனால்தான் அவர் தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஜூன் 12

வலி இல்லை.

ஜூன் 13

இவரிடம் சொன்னேன். சாப்பிடுவதை நிறுத்தாமல் கேட்டார். “யாருக்குத் தெரியும்? உனக்கும் எனக்கும். அந்த ஆளுக்கே தெரியாது. போய்ச் சொன்னா உன் வேலை போகும், என் பேரும் நாறும். சும்மா இருக்கற சங்கை எதுக்கு ஊதற?”

எனக்கும் அதுதான் கேட்க வேண்டியிருந்ததா?

ஜூன் 14

வலி இல்லை.

ஜூன் 17

வலி இல்லை. இன்று இரண்டு வழக்கு. மெதுவாகச் சொன்னேன், பிசகவில்லை.

ஜூன் 20

இவரால் அல்ல. வேலைக்காகவும் அல்ல. இதையாவது இங்கே உள்ளபடி எழுதிவிடுகிறேன். சொன்னால் மாத்திரையை நிறுத்துவார்கள். நிறுத்தினால் அது திரும்ப வரும் – ரம்பப் பல், வாந்தி, துண்டு, இருட்டு. ஒரு மனிதன் உள்ளே கிடந்தால் கிடக்கட்டும், எனக்குத் தலை வலிக்காமல் இருந்தால் சரி. இதுதான் நான். ஒன்பது நாளாக வெயிலில் நடக்கிறேன்.

ஜூன் 23

வலி இல்லை.

ஜூன் 25

மறு விசாரணை. அவரை அழைத்து வந்தார்கள். உதடு வீங்கியிருந்தது, மேல்வரிசையில் இரண்டு பல்லைக் காணோம். சிறைக்குள் மேஸ்திரியின் ஊர்க்காரர்கள் இருந்தார்களாம். என்னைப் பார்த்ததும் சிரித்தார். கூடத்தில் வேறு யாரையும் பார்த்து அவர் சிரிக்கவில்லை.

எழுந்து நின்றேன். “ஐயா, போன தடவை நான் ஒரு வார்த்தையைத் தப்பாச் சொல்லிட்டேன்.” மாத்திரையைப் பற்றியும் சொன்னேன். எப்போது தெரியும் என்று நீதிபதி கேட்டார். அன்றைக்கு மாலையே என்றேன்.

நீதிபதி கண்ணாடியைக் கழற்றினார். “உங்க தலைவலியை எங்க தலைல கட்டிட்டீங்களேம்மா.” வக்கீல்கள் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் அக்கா குனிந்துகொண்டார். அவர் தோளும் குலுங்கியது.

வேறொரு மொழிபெயர்ப்பாளரை வரவழைத்து அன்றைய விசாரணையின் ஒலிப்பதிவைக் கேட்டார்கள். அந்த இடத்துக்கு ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஜாமீன் கொடுத்துவிட்டார்கள்.

பதினான்கு நாள். எனக்கும் பதினான்கு.

ஜூன் 27

சிறை வாசலில் காத்திருந்தேன். பிளாஸ்டிக் பையோடு வந்தார். என்னைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அவர் மொழியில் நன்றி சொல்ல ஆரம்பித்தார். நான்தான் பேசி வெளியே எடுத்தேன் என்று நினைத்திருக்கிறார். அவருக்கு யாருமே எதையும் விளக்கவில்லை. யார் விளக்குவார்கள்? அது என் வேலை.

நடந்ததைச் சொன்னேன். அவர் மொழியில் எனக்கு அன்று தடுக்கவே இல்லை. எங்கள் மொழியில் அந்த இரண்டு சொல்லும் என்ன என்று கேட்டார். சொன்னேன். வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். உடைந்த பல் இடுக்கில் இரண்டும் ஒன்றாகத்தான் வந்தன.

“ரெண்டும் ஒண்ணுதானே?” என்றார்.

“இல்லை.”

மறுபடி சொல்லிப் பார்த்தார். பிறகு மெல்ல என் கையை விட்டார். “எத்தனை நாளாத் தெரியும் உங்களுக்கு?”

“பதினாலு.”

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சாலையைக் கடந்து போனார். பேருந்து வர அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணி நேரமும் எனக்கு முதுகைக் காட்டியே நின்றார்.

ஜூலை 15

மொழிபெயர்ப்பாளர் பட்டியலிலிருந்து நீக்கிக் கடிதம். பதிவறையில் கட்டுகளை அடுக்கும் வேலை கொடுத்திருக்கிறார்கள். அங்கே யாரும் எதுவும் பேச வேண்டியதில்லை.

நாத்தனார், “இப்ப லீவு போடறது சுலபம்ல?” என்றார்.

ஆகஸ்ட் 6

டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மே மாதமே சொல்லியிருக்க வேண்டும் என்றார். திட்டவில்லை, குரல் மட்டும் இறுகியது. மாதம் ஒன்று போடுகிற ஊசி இருக்கிறதாம். அது கிடைக்க இரண்டு மூன்று மாதம் ஆகுமாம். இந்த மாத்திரையைப் படிப்படியாகக் குறைத்துவிட்டுக் காத்திருக்கலாம், நடுவில் வலி வரும். இல்லையென்றால் இதையே தொடரலாம்.

இவர் முந்திக்கொண்டார். “இதுவே இருக்கட்டும் டாக்டர். இப்ப அவ பேசற வேலையிலயும் இல்ல. அவளுக்கு வலி இல்ல, எங்களுக்கும் சத்தம் இல்ல. வீடு வீடா இருக்கு.”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சொல்லைத் தேடினேன். இவர் தொடைமேல் விரலை மடக்க ஆரம்பித்தது ஓரக்கண்ணில் தெரிந்தது. ஒன்று. இரண்டு. மூன்று. டாக்டர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை, பேனாவைத் தொடவில்லை.

“குறைங்க” என்றேன்.

ஆகஸ்ட் 24

வலி. ஏழு மணி நேரம்.

செப்டம்பர் 2

கடைசி அரை மாத்திரையை நிறுத்தி ஐந்து நாள் ஆகிறது. இன்று மதியம் பதிவறையிலிருந்து பாதியில் வந்து படுத்துவிட்டேன். இவர் வாசல்படியில் நின்று, “மறுபடி ஆரம்பிச்சிட்டியா?” என்றார்.

கண்ணைத் திறக்காமல் பதில் சொன்னேன். சுற்றுலாப் பேருந்திலிருந்து நாத்தனார் கால் வரை, மடக்கிய விரல்கள் உட்பட. அவரவர்க்கு உரியதை அவரவரிடம் வைத்தேன். என்னுடையதை என்னிடமே வைத்துக்கொண்டேன். ஏழெட்டு வாக்கியம் இருக்கும். ஒன்றில்கூடத் தடுக்கவில்லை. இவர்தான் வாயைத் திறந்தார், எதுவும் வரவில்லை.

கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனார். அந்தச் சத்தம் மண்டைக்குள் இறங்கி ஓய வெகுநேரம் ஆயிற்று. ஆனால் அறை நன்றாக இருட்டிவிட்டது.