பெடலில் நிற்காத கால்

2025 ஜூன் 22, ஞாயிறு

கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது ஏழு தையல். நான் லேப் டெக்னீஷியனாக இருக்கும் கிளினிக்கிலேயே போட்டார்கள். நர்ஸ் சந்தனமேரி அக்கா, "ஊரு ரத்தத்தை எடுக்குறது பத்தலைன்னு ஒன் ரத்தத்தையும் கொண்டாந்துட்டியாக்கும்" என்றார்.

இத்தனைக்கும் நான் விழவில்லை. அதுதான் கேவலம். ஏலத்தோட்டத்து இறக்கத்தில் சைக்கிளில் வரும்போது, ஓடையைத் தாண்டியதும், வலது கால் பெடலிலிருந்து வழுக்கியது. பெடல் ஒரு சுற்றுச் சுற்றி வந்து காலைச் சீவிவிட்டது. என்னுடையது தட்டைப் பெடல். காலைக் கட்டி வைக்காது. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன இரும்பு முளைகள்தான் ஷூவைக் கவ்வ வேண்டும். ஷூவை விட்டுவிட்டு என்னைக் கவ்வின.

ஜின்சன் ஜீப்பில் வந்து கூட்டிக்கொண்டு போனார். வீடு இருக்கிற சக்குபள்ளம் வரும்வரை ஒரு வார்த்தை இல்லை. புருஷன் திட்டினால் பதில் சொல்லலாம். பேசாத ஆளை என்ன செய்வது?

ஜூன் 24

கட்டப்பனையில் சைக்கிள் கடை வைத்திருக்கும் ஜோஜோதான் ஞாயிறுதோறும் மலையிறங்கும் எங்கள் சைக்கிள் குழுவுக்குத் தலைவன். போன் செய்தேன். "சேச்சி, ஓடுற ஷூ போட்டா இப்படித்தான். அடிப்பாகம் பஞ்சு மாதிரி, பெடல்ல வளையும். கெட்டியா இருக்கணும்" என்றான்.

ஆர்த்தி சொல்வது வேறு. பாலக்காட்டுக்குக் கிழக்கே சித்தூர்ப் பக்கத்துப் பெண், இங்கே வங்கியில் வேலை. "கெட்டியா இருந்தா பெடல் எங்க இருக்குதுன்னே காலுக்குத் தெரியாதுங்க்கா. மெத்துனு ஒட்டோணும்."

யூடியூபில் ஒருவர் கெட்டியாகவும் இருக்க வேண்டும், மெத்தென்றும் இருக்க வேண்டும் என்கிறார். கல்யாணத்துக்கு மாப்பிள்ளை தேடுகிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 5, சனி

தையல் பிரித்தாயிற்று. ஆர்த்தி தன் மலையேறும் பூட்ஸைக் கொடுத்திருக்கிறாள். நாளைக்குப் போகிறேன்.

பூட்ஸ் ஈரமாக இருந்தது. ஜின்சன் வழக்கம்போல ஸ்டோருக்கு எடுத்துப்போய்க் காயவைத்துக் கொண்டுவந்தார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அவர்தான் சூப்பர்வைசர். மழை தொடங்கியதிலிருந்து எங்கள் வீட்டில் எது ஈரமானாலும் அங்கேதான் போகும். திரும்பி வரும்போது ஏலக்காயும் புகையிலையும் புகையும் கலந்த ஒரு வாசனை. என் நைட்டியில்கூட அதே வாசனைதான்.

ஜூலை 6

வழுக்கியது. மறுபடி ஓடைக்கு அப்புறம்தான். கீழே விழுந்தேன், காயம் இல்லை.

பூட்ஸின் அடியில் ஆழமான பள்ளங்கள், முளைகள் அந்தப் பள்ளத்துக்குள் போய்விடுகின்றன, அதனால் பிடி இல்லை என்று ஜோஜோ விளக்கினான். தட்டையான அடி, ஒட்டுகிற ரப்பர், தட்டைப் பெடலுக்கென்றே செய்த ஷூ வேண்டுமாம். அப்படி ஒன்று இருப்பதை முதலிலேயே சொல்லித் தொலைத்தால் என்ன?

ஜூலை 19, சனி

ஷூ வந்துவிட்டது! நகத்தால் அழுத்தினால் ரப்பரில் தடம் விழுந்து மெல்ல மறைகிறது. முற்றத்துச் சேற்றில் சைக்கிளை நிறுத்தி ஏறிப் பார்த்தேன். காலை நகர்த்த முடியவில்லை, தூக்கித்தான் வைக்க வேண்டியிருந்தது. சந்தோஷத்தில் கத்திவிட்டேன்.

ஜின்சன் ஒரு ஷூவை எடுத்து, கவிழ்த்து, கட்டைவிரலால் அடிப்பக்கத்தைத் தேய்த்துப் பார்த்தார். "நாளைக்குப் போறியா?"

"ஆமா."

"நனைஞ்சு போச்சே. குடு, காய வச்சுக் கொண்டாறேன்." அவ்வளவுதான். நல்லா இருக்கு என்றோ, எதற்கு இது என்றோ இல்லை. எனக்கு இந்த சைக்கிள் பிடித்திருப்பது அவருக்குப் பிடிக்கவில்லை. வேறென்ன?

எழுதி வைக்கிறேன்: இந்த ஷூவிலும் வழுக்கினால் கோளாறு ஷூவில் இல்லை, என்னில். சைக்கிளை விற்றுவிடுவேன்.

ஜூலை 20

வழுக்கியது. இரண்டு தடவை.

முதல் அரைமணி நேரம் ஒன்றுமில்லை. ஓடை தாண்டியதும் கால் எனக்குச் சொந்தமில்லை. மிச்ச இறக்கத்தைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். எனக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் வழி கேட்டுத் தாண்டிப் போனார்கள்.

"சேச்சிக்கு பிளாட் பெடல் ஒத்து வராது. கிளிப் போட்டுருங்க, கால் பூட்டிக்கும்" என்கிறான் ஜோஜோ. பூட்டிக்கொண்டு விழுந்தால்? ஆகஸ்ட் 24 சைக்கிள் போட்டிக்குப் பெயர் கொடுப்பதா வேண்டாமா என்று பத்தாம் தேதிக்குள் சொல்ல வேண்டும்.

ஜூலை 22

முற்றத்தில் மறுபடி ஏறிப் பார்த்தேன். பசை போட்ட மாதிரி நிற்கிறது. அப்படியானால் பயத்தில் நானே காலைத் தூக்குகிறேனா? தூக்கியது எனக்கே தெரியாமல் போகுமா? முப்பத்து நாலு வயதில் என் கால் என்ன செய்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

ஜூலை 25

காலையில் கேட்டேவிட்டேன். "ஏங்க, சைக்கிளை வித்துரட்டுமா?"

"ஒன் இஷ்டம்."

ஒன் இஷ்டம்னா என்னங்க அர்த்தம்? வில்லுன்னா வில்லுன்னு சொல்ல வேண்டியதுதானே. நாள் முழுக்க ரத்தக் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டே அந்த இரண்டு வார்த்தையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஒரு பெயரை மாற்றி ஒட்டிவிட்டு, நல்லவேளை, உடனே கண்டுபிடித்தேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இதை எப்படி எழுதுவது?

விற்பதற்கு முன் கடைசியாக ஒரு தடவை என்றுதான் போனேன். மூன்று நாளாக மழை இல்லை, ஓடைத் தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. தண்ணீருக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்க் கரையேறியபோது பின்னாலிருந்து ஆர்த்தி சிரித்தாள். "ஏனுங்க்கா, ஷூவை வாஷிங் மெஷின்ல போட்டுட்டு அலசாம வந்துட்டீங்களா? நுரை வருதுங்க!"

குனிந்து பார்த்தேன். கால் வைத்த இடமெல்லாம் வெள்ளை நுரை. விரலால் தொட்டு மோந்தேன். பார் சோப்பு. கூடவே புகையிலை.

அட்டை மருந்து.

தோட்டத்தில் களையெடுக்கப் போகிற எல்லாரும் மழைக்காலத்தில் பூசுவதுதான். பார் சோப்பைச் சீவி, புகையிலைத் தண்ணீரில் குழைத்து, காலுறையிலும் செருப்பிலும் தடவிக் காயவைத்தால் அட்டை ஏறாது. அட்டை அடியிலிருந்துதானே ஏறும், அதனால் அடிப்பக்கத்தில் இன்னும் அழுத்தித் தடவுவார்கள். எனக்கே பள்ளிக்கூட நாட்களில் வீட்டில் தடவிவிட்டிருக்கிறார்கள். காய்ந்திருக்கும்வரை தெரியாது. நனைந்தால்தான் சோப்பு.

அப்படியென்றால் ஒவ்வொரு சனிக்கிழமையும் ஸ்டோரில் உட்கார்ந்து அந்த மனுஷன் என் ஷூவுக்குப் பூசியிருக்கிறார். ஆர்த்தியின் பூட்ஸுக்கும்! இத்தனை நாளாக ஷூ மாற்றி ஷூ மாற்றி ரப்பர் தேடிய என்னை எதால் அடிப்பது?

ஓடையிலேயே அடியைத் தேய்த்துக் கழுவினேன். மிச்ச இறக்கம் முழுவதும் கால் அசையவில்லை. இறங்கி முடித்ததும் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை.

ஆகஸ்ட் 4

இட்லி சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். "அட்டை ஒண்ணும் ஏறலைல்ல?" முகத்தில் ஒரு சின்னப் பெருமை. இத்தனை வாரமாக அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், நானும் "இல்லையே" என்று சொல்லியிருக்கிறேன். வெறும் கேள்வி என்று நினைத்துவிட்டேன்.

இன்றைக்கும் "இல்லையே" என்றேன். உங்க கையாலதான் எனக்கு ஏழு தையல்னு சொல்லவா? சொன்னால் தாங்குவாரா? சொல்லாவிட்டால் அடுத்த சனியும் பூசுவார்.

ஆகஸ்ட் 9, சனி

ஷூவை கிளினிக்கிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஸ்டோருக்குக் கிளம்பும்போது அவர் வாசலில் தேடினார், கட்டிலுக்கு அடியில்கூடப் பார்த்தார். ஆர்த்தி வீட்டில் இருக்கிறது என்று பொய் சொன்னேன். "சரி" என்றார். வெறுங்கையோடு அவர் போனதைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ஆகஸ்ட் 10

ஒரு தடவைகூட வழுக்கவில்லை. ஓடைக்கு முன்னும் சரி, பின்னும் சரி. போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்து காலுறையைக் கழற்றினால் இரண்டு காலிலும் அட்டை. ஏழு. தரையெல்லாம் ரத்தம். ஜின்சன் உப்போடு ஓடி வந்தார். "இதுக்குத்தான் நான் பூசிக் குடுக்குறது! ஒரு வாரம் விட்டதுக்குப் பாத்தியா!"

எனக்கு என்ன ஆயிற்றோ. பொறுமையாகச் சொல்ல ஒரு வாரமாக வார்த்தை தேடி வைத்திருந்தேன், ஒன்றும் வரவில்லை. "நீங்க பூசுன சோப்புதான் என் காலைக் கிழிச்சது! நனைஞ்சா வழுக்கும்னு தெரியாதா உங்களுக்கு?"

உப்புக் கிண்ணத்தை வைத்தார். என் காலில் இருந்த தழும்பையே பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

அட்டையைவிட நான்தான் மோசம்.

ஆகஸ்ட் 12

சாப்பிடுகிறார். பேசுகிறார். என் காலைப் பார்ப்பதில்லை.

ஆகஸ்ட் 17

மன்னிப்புக் கேட்டேன். "நீ எதுக்குக் கேக்குற" என்றார். போட்டிக்கு வருவீர்களா என்றதற்கு, "ஸ்டோர்ல காய் கெடக்கு லிஜி" என்றார். ஸ்டோரில் எப்போதும் காய் கிடக்கும்.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

பதினாலு பேரில் ஒன்பதாவது. கால் ஒருமுறைகூடத் தரையில் பதியவில்லை. ஆர்த்தி ஆறாவது, அவள் கத்திய கத்து வண்டன்மேடு வரை கேட்டிருக்கும்.

முடிந்து, தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோதுதான் ஜோஜோ சொன்னான். "அண்ணன் காலைலேர்ந்தே அந்தப் பெரிய பாறை வளைவுலதான் நின்னாரு. சேச்சி பாக்கலையா?" பார்க்கவில்லை. அந்த வளைவில் நான் பாறையைத் தவிர எதையும் பார்க்கவில்லை. போய்த் தேடுவதற்குள் ஜீப் கிளம்பிவிட்டிருந்தது.

வீட்டில் எனக்கு முன்னால் வந்து சோறு வடித்து வைத்திருந்தார்.

"வந்தீங்களாமே."

"ம்."

"பாத்தீங்களா?"

"கண்ணை மூடிக்கிட்டேன் லிஜி. மைக்குல ஒன் நம்பரைச் சொன்னதும் மூடிட்டேன். எல்லாரும் கை தட்டுனதுக்கு அப்புறந்தான் தெறந்தேன். அன்னைக்கு கிளினிக்குலேர்ந்து போன் வந்ததுலேர்ந்தே எனக்கு பயந்தான். சொன்னா நீ சைக்கிளை விட்டுருவியோன்னுதான் வாயத் தெறக்கல."

நான் தட்டை எடுத்து அவருக்குச் சோறு போட்டேன்.

"எப்படி எறங்குனே? சொல்லு" என்றார்.

சோற்றை வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தேன். தொடக்கக் கோடு, முதல் திருப்பம், வேர்கள், ஓடை. பாறை வளைவுக்கு வந்தபோது என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார்.

"மெதுவா" என்றார். "பிரேக்குப் புடிச்சியா?"