உள்ளே ஆளில்லாத கல்லறை

அக்டோபர் 27, ஞாயிறு
விடாத தூறல். முடிச்சூர் ரோடு மறுபடி குளம். கல்லறைத் திருநாளுக்கு இன்னும் ஆறு நாள். மனைவி கொடுத்த பட்டியல்: சுண்ணாம்பு, சாமந்தி, மெழுகுவத்தி, அருவாள் (புல்லுக்கு. எனக்கல்ல என்று நம்புகிறேன்).

அம்மா போனபின் முதல் திருநாள். அப்பா கல்லறையிலேயே அம்மாவும். பக்கத்துக் கல் இன்னாசிமுத்து. உலக யுத்தத்தில் விமானம் ஓட்டப் பழகும்போது கடலில் விழுந்தவர். வயது 20. உடல் கிடைக்கவில்லை, பெற்றவர்கள் கல் மட்டும் நட்டார்கள். வேறு பிள்ளை கிடையாது.

அந்தக் கல்லில் இன்று சிவப்புப் பெயின்ட்டில் பெருக்கல் குறி!

அக். 28
கல்லறைக் கமிட்டிச் செயலாளரிடம் போனேன். ரிட்டயர்டு ரயில்வே. வீட்டிலும் விசில் அடித்துத்தான் சாப்பிடுவார் போல.

"உரிமைக்கு ஆள் வராத கல்லறை சார். ரெண்டாம் தேதிக்குள்ள யாரும் வரலன்னா இடிச்சுட்டு வேற குடும்பத்துக்குக் குடுத்துருவோம்."

"பாவம் சார், சின்னப் பையன்."

"உள்ள பையனே இல்லியே சார்! காலி இடம். வெளிய எத்தன பேர் வெயிட்டிங் தெரியுமா?"

செத்தும் வெயிட்டிங் லிஸ்ட். தாம்பரம்.

அக். 30
தூக்கம் சரியில்லை. முதுகுவலி என்று வீட்டில் சொல்லியிருக்கிறேன்.

அம்மா வருடா வருடம், "தம்பிக்கும் ஒண்ணு ஏத்துடா" என்பாள். உறவு எதுவும் கிடையாது. வயதுக் கணக்குப்படி அம்மாவுக்கு அவர் பெரியப்பா ஆக வேண்டியவர். கல்லில் இருபது என்றிருப்பதால் தம்பி. "உள்ள இல்லாத ஆளுக்கு எதுக்கும்மா?" என்று நானும் வருடா வருடம் கேட்பேன். "அதனாலதான்டா. இருக்கற எடத்துல போய் ஏத்த முடியுமா?"

அக். 31
பெயின்டர் மாரி வந்தான். எங்கள் கல்லுக்குச் சுண்ணாம்பு.

"இன்னா சார், குறி போட்ட கல்லுக்கும் அடிக்கணுமா?"

"குறியா? எங்க? எனக்கு இன்னும் கண்ணாடி மாத்தலப்பா."

இரண்டு கோட் அடித்தான். சாயங்காலம் செயலாளர் போன்.

"குறி எங்க சார் போச்சு?"

"மழை சார். சாயம் போயிருக்கும்."

"மழ சுண்ணாம்பும் அடிக்குமா சார்?"

போனை வைத்துவிட்டேன். ஐம்பத்து மூன்று வயதில் செய்கிற வேலை!

நவ. 1
மனைவிக்குத் தெரிந்துவிட்டது. (மாரி. வேறு யார்.) திட்டப் போகிறாள் என்று பார்த்தால், "சுண்ணாம்பு அடிச்சா ஆச்சா? போய் உரிமைன்னு எழுதிக் குடுக்க வேண்டியதுதானே." இது எனக்கு ஏன் தோன்றவில்லை என்று யாரும் கேட்க வேண்டாம்.

நவ. 2
மழை விட்டது, ஒரு மணி நேரம். கூட்டம், சேறு, செருப்பில் ஒன்று காணவில்லை. மேலே பயிற்சி விமானம் ஒன்று சுற்றிக்கொண்டே இருந்தது. அம்மாவுக்கு மெழுகுவத்தி உடனே பிடித்துக்கொண்டது. பக்கத்துக் கல்லில் காற்று ஏற்ற விடவில்லை. ஏழு தீக்குச்சி. குடை பிடித்து ஏற்றினேன்.

கல்லறை வாசலில் செயலாளர், மேசை, படிவம். பெயர், முகவரி எழுதினேன். "இறந்தவருக்கு உறவுமுறை" என்ற இடத்தில் பேனா நின்றது. பின்னால் வரிசை முணுமுணுத்தது. அம்மாவுக்குத் தம்பி என்றால் எனக்கு?

'தாய்மாமா' என்று எழுதினேன்.

செயலாளர் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். "உங்க மாமாவுக்கு வயசு இருபதா?"

"ஆமா சார். ரொம்ப வருஷமா."

என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

பேனாவைத் திருப்பித் தரவில்லை.