அரைப்பேரும் இரட்டைக் குழாயும்

மார்ச் 4, செவ்வாய்

காலையில் மூடுபனி. ஸ்பிரிங்வெளி பஸ் அரை மணி நேரம் பிந்தியது. கராஜில் ஒரு வேனுக்கு பிரேக், ஒரு த்ரீவீலுக்கு வெல்டிங். விரலில் சின்னச் சூடு. பெரிதில்லை.

வீட்டுக்கு வந்தால் மனைவி சாந்தி பேசவில்லை. தேத்தண்ணி வந்தது, சீனி வரவில்லை. சோறு போடும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"இன்னைக்கு எனக்கு அரைப்பேரு. போட்டது கணக்கப்பிள்ள இல்ல. நீங்க."

நடந்தது இது. மத்தியானம் ஏழாம் நம்பர் மலையில் தேயிலைக் கொழுந்து எடுத்துக்கொண்டு நின்றவர்களுக்குக் கீழே ரோட்டில் லொறிச் சத்தம் கேட்டிருக்கிறது. நிறுவைக்கு நேரமாகிவிட்டது என்று பதினாறு பெண்களும் சாக்கைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டார்கள். கீழே லொறியும் இல்லை, தராசும் இல்லை. எங்கள் கராஜுக்கு வருகிற நிரோஷனுடைய கார் வளைவில் திரும்பிப் போய்க்கொண்டிருந்ததாம். உண்மையான கொழுந்து லொறி வந்தது முக்கால் மணி நேரம் கழித்து. அதற்குள் திரும்ப மேலே ஏறி இறங்க யாருக்குத்தான் கால் இருக்கிறது? சாயந்தரம் சாந்திக்கு, எடுக்க வேண்டிய அளவுக்கு இரண்டு கிலோ குறைவு. நாள் முழுக்க மலையில் நின்றவளுக்கு அரை நாள் சம்பளம், அரைப்பேர் என்று பதிந்துவிட்டார்கள்.

அந்தக் காருக்குப் போன மாதம் தடித்த புகைக்குழாய் போட்டவன் நான். சத்தத்தைக் கேட்டு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டவனும் நான்தான். "லொறி மாதிரி இருக்கு" என்று யாரோ சொன்னபோது, பாராட்டு என்று நினைத்துச் சிரித்தேன். மடையன்.

மார்ச் 5, புதன்

வெயில். நிரோஷன் தானாகவே வந்தான். மேல் டிவிஷனில் வீடு, டவுனில் போன் கடையில் வேலை, மத்தியானச் சாப்பாட்டுக்கும் காரில்தான் வீட்டுக்குப் போவான். எப்போதும் லொறி போன பிறகு போகிறவன் நேற்று நேரத்தோடு போய்விட்டான். அவ்வளவுதான் விஷயம். பின்னால் புது பம்பர் மாட்டியிருக்கிறான்.

"அண்ணே, பம்பர்ல ரெண்டு ஓட்ட இருக்கு, ஒண்ணுலதான் பைப்பு. ஒத்தக் கண்ணு மாதிரி இருக்குண்ணே. ரெண்டாக்கித் தாங்க."

"தர்றேன்."

"ரெண்டுன்னா சத்தமும் ரெண்டு மடங்கு வருமாண்ணே?"

முகத்தில் அப்படி ஓர் ஆசை. எனக்குச் சாந்தியின் முகம் ஞாபகம் வந்தது. சொல்லிவிட்டேன்: குழாய் இரண்டு அவன் இஷ்டம், சத்தம் என் இஷ்டம். சத்தம்தான் வேண்டுமென்றால் வேறு கராஜ் பார்க்கட்டும்.

"அப்ப எதுக்குண்ணே ரெண்டு?"

"அழகுக்குத்தானே கேட்ட? பொலிஸ் ஒன்ன ரெண்டு தடவ மறிச்சது மறந்துருச்சா?"

மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான். ஆனால் சாவியைத் தந்துவிட்டான்.

முதலாளி ரவூப் நானாவிடம் (இனி ர.நா., முழுக்க எழுத விரல் எரிகிறது) எல்லாவற்றையும் சொன்னேன். அரைப்பேரையும் மறைக்கவில்லை. "கார் தூக்குற ரேம்ப எடுத்துக்கோங்க தம்பி. நான் கை வெக்க மாட்டேன். நல்லா வந்தாலும் ஒங்கட பேர், கெட்டாலும் ஒங்கட பேர்" என்றார்.

பேர். நேற்றிலிருந்து இந்தச் சொல் என்னை விடுவதாக இல்லை.

மார்ச் 7, வெள்ளி

பின்னேரம் தூறல். வாங்க வேண்டியவை:

துருப்பிடிக்காத குழாய், நடுவுக்கு இரண்டேகால் அங்குலம்
பிரிந்த பிறகு ஒன்றே முக்கால்
நடுவில் ஒரு சின்ன சைலன்சர்
பின்னால் இரண்டு, பஞ்சு அடைத்தது, ஒரே அளவு
தொங்கவிட ரப்பர், ஆறு
சாந்தியின் கால் வலிக்குத் தைலம்

கடைசியைத்தான் முதலில் வாங்கினேன். தடவிக்கொண்டாள். பேச்சு இன்னும் இல்லை.

மார்ச் 8, சனி

இன்று எழுத நிறைய இருக்கிறது.

வளைக்கிற மெஷின் எங்களிடம் இல்லை. குழாயைச் சரிவுச் சரிவாகத் துண்டு போட்டு, ஒன்றோடு ஒன்று ஒட்டித்தான் வளைவு எடுக்க வேண்டும். இருபத்திரண்டு துண்டு. இடப்பக்கக் குழாய் பெட்ரோல் டேங்கைத் தொடாமல், ஸ்பெயார் வீல் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். அதனால் அது நீளம். நீளம் வேறானால் குரலும் வேறாகும். ஆகவே வலப்பக்கத்தையும் வேண்டுமென்றே ஒரு சுற்று சுற்றவிட்டேன். நூல் பிடித்து அளந்தேன். இரண்டும் சரி.

வெல்டிங் கோடு இவ்வளவு ஒழுங்காக என் கையில் இதுவரை வந்ததில்லை. பொன் நிறத்தில் தொடங்கி ஓரத்தில் லேசான நீலம். ர.நா. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். பிறகு வேன் எடுக்க வந்த வெலிமடை மரக்கறிக்காரரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இது நம்மட கராஜ்ல செஞ்சது" என்று காட்டினார். எனக்குக் காது வரை சிரிப்பு. முகமூடியைக் கழற்றாமல் வைத்திருந்தேன்.

மார்ச் 9, ஞாயிறு

பீலிக்குக் குளிக்கப் போனேன். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்களில் ஒருத்தி, "லொறிக்காரரு வந்துட்டாரு, சாக்கத் தூக்குங்கடி" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சோப்பை மறந்து வந்துவிட்டேன்.

சாந்தியிடம், கார் வெள்ளிக்கிழமை மத்தியானம் மலைக்குக் கீழே போகும், உனக்குக் கேட்கவே கேட்காது என்றேன்.

"எனக்கா? தொர ஜீப்பு ரெண்டாவது வளைவுல கியர் மாத்தும். டிஸ்பென்சரி வேன் இருமும். லொறிக்கு அடித்தொண்ட. ஒங்க காரு எந்த வேசத்துல வந்தாலும் கண்டுபுடிச்சிருவேன்."

ஐந்து நாளில் என்னிடம் பேசிய பெரிய பேச்சு இதுதான். சண்டைக்கு இழுத்தாலும் பரவாயில்லை, பேசினாள்.

மார்ச் 11, செவ்வாய்

மோசமான நாள். குழாயை மாட்டி ரேம்பிலிருந்து இறக்கி, பின்சீட்டில் மூன்று பேரை உட்காரவைத்து ஓட்டினேன். முதல் பள்ளத்திலேயே 'டங்'. இடப்பக்கக் குழாய் அச்சில் இடிக்கிறது. கார் மேலே நிற்க, நாலு சில்லும் தொங்கிக்கொண்டிருக்கும்போது அளந்திருக்கிறேன். ஆள் ஏறினால் கார் இறங்கும் என்பது முதல் வருஷப் பாடம். அதுவும் ஏற்கெனவே தாழ்த்திய கார். பதினேழு வருஷம் இந்த வேலையில் இருக்கிறவன் செய்கிற பிழையா இது?

ஒன்பது துண்டை வெட்டி எறிந்தேன். அந்த அழகான கோடுகளோடு. ர.நா. திட்டவில்லை, அது இன்னும் கஷ்டமாக இருந்தது. கார் தரையில் நிற்க, அடியில் மல்லாந்து கிடந்து திரும்ப அளந்தேன். முதுகு போச்சு.

மார்ச் 12, புதன்

முடிந்தது. புதுக் கோடு பழசைவிட நன்றாகவே இருக்கிறது. நானே சொல்லக்கூடாது, ஆனால் இது நான் மட்டும் எழுதிப் படிக்கிற கொப்பி.

சவர்க்காரத் தண்ணி தடவி ஒவ்வொரு மூட்டாகப் பார்த்தேன். ஒரு குமிழி இல்லை. நான்கு பேரை ஏற்றிப் பள்ளத்தில் விட்டேன். இடிக்கவில்லை. பம்பரின் இரண்டு ஓட்டையிலும் குழாய் நுனி நேராக, ஒரே அளவு வெளியே.

நிரோஷன் சாவியைத் திருகினான். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுத் திரும்பவும் திருகப் போனான்.

"விடுறா, ஓடிக்கிட்டுத்தான் இருக்கு."

கீழே குனிந்து புகை வருகிறதா என்று கையை வைத்துப் பார்த்தான். இரண்டு பக்கமும் சூடு. மிதித்தால் மட்டும் உள்ளே ஒரு 'உம்' வருகிறது, அவ்வளவுதான். அவனுக்கு அழுகை வராத குறை. எனக்கு ஆட வேண்டும்போல் இருந்தது.

மார்ச் 13, வியாழன்

போயா, பௌர்ணமி லீவு. கராஜ் பூட்டு. கூரைத் தகரத்துக்கு ஆணி அடித்தேன். இருப்புக் கொள்ளவில்லை. நாளை அந்தப் பதினாறு பேரில் ஒருத்தி சாக்கைத் தூக்கினாலும் நான் தோற்றேன்.

மார்ச் 14, வெள்ளி

மழை இல்லை, காற்றும் இல்லை. சின்னச் சத்தம்கூடக் கேட்கிற நாள். நல்லதுதான், சாக்குச் சொல்ல இடமில்லை.

லொறி வருவதற்கு முன்னால் போக வேண்டும் என்று ர.நா.விடம் நேரம் கேட்டுக்கொண்டு நிரோஷனோடு ஏறினேன். ஏழாம் நம்பர் மலைக்குக் கீழே மூன்று தடவை. மேலே, கீழே, திரும்ப மேலே. கண்ணாடியை இறக்கி மலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பதினாறு தலையும் குனிந்தபடி. கை மட்டும் ஓடுகிறது. ஓர நிரையில் சாந்தியின் சிவப்புத் துணி. நிமிரவில்லை.

"ஒருத்தர்கூடத் திரும்பிப் பாக்கலையேண்ணே" என்றான் நிரோஷன், எழவு வீட்டுக் குரலில்.

"அதுக்குத்தாண்டா இத்தன நாள் முதுகு ஒடிஞ்சேன்."

எத்தனையோ வண்டிக்கு வேலை செய்திருக்கிறேன். யாருமே பார்க்காததால் இவ்வளவு பெருமைப்பட்டது இன்றுதான்.

சாயந்தரம் சாந்தி வந்ததும் வராததுமாக:

"காரு வரும்னு சொன்னீங்க. லொறி வர்ற வரைக்கும் காதத் தீட்டிக்கிட்டு நின்னேன். வரவே இல்ல."

"மூணு தடவ போச்சு."

"பொய் சொல்லாதீங்க."

"ஓர நெரையில நின்ன. தலையில செவப்புத் துணி. மூணாவது தடவ போறப்ப எடது கையால மூஞ்சத் தொடச்ச."

கேத்தலைக் கீழே வைத்தாள். என்னையே பார்த்தாள். எவ்வளவு கொழுந்து என்று கேட்டேன்.

"ரெண்டு கிலோ கூட. முழுப்பேரு."

தேத்தண்ணியைக் கலக்கி என் பக்கம் தள்ளினாள். சீனி இரண்டு கரண்டி.

"ஒங்களுக்கும் முழுப்பேரு போட்டாச்சு. குடிங்க."