வெந்நீரில் வைத்த கிண்ணம்

அடோயோவின் அப்பாவுக்கு,

ஆண்டவர் கிருபையால் நானும் பிள்ளையும் சுகம். பிள்ளையை நைரோபிக்குக் கூட்டிவர நீங்கள் அனுப்பிய உங்கள் தங்கை அவினோ சனிக்கிழமை கிசுமு வந்து சேர்ந்தாள்.

அப்போது நான் காலையில் மசித்த பூசணியில் ஒரு வேளைக்கு மட்டும் கிண்ணத்தில் எடுத்து, கரியடுப்பில் கொதிக்கும் தண்ணீருக்குள் வைத்துக் கிளறிக்கொண்டிருந்தேன். நேரே நெருப்பில் வைத்தால் அடி தீய்ந்துபோகும், நடுவில் சில்லென்று இருக்கும்.

"அலேகோ ஊர் மகளே, நீ சூடு பண்ணி முடிக்கிறதுக்குள்ள இவளுக்குக் கல்யாணமே ஆயிடும்! அண்ணன் வீட்டுல மைக்ரோவேவ் இருக்கு. பொத்தானை அமுக்கினா ஒரே நிமிஷம்" என்று என் பிறந்த ஊரைச் சொல்லிக் கேலி செய்தாள் அவினோ.

"அங்க அதை அமுக்குறது யாரு, அவினோ?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அங்கே உங்களோடு இருப்பவளின் பெயரை நான் கேட்கவில்லை. மணிக்கட்டில் துளி தொட்டுச் சூடு பார்த்து ஊட்டினேன். அடோயோ கிண்ணத்தைக் காலி செய்துவிட்டு இன்னும் வேண்டுமென்று கையை நீட்டினாள்.

"பஸ்ஸுக்கு நேரமாச்சு அண்ணி" என்று அவினோ எழுந்தாள். பிள்ளையைத் தரச் சொல்லவில்லை.

இனி யாரையும் அனுப்பாதீர்கள். அடோயோ இந்த வீட்டில்தான் வளர்வாள். அவளைப் பார்க்க வேண்டுமென்றால் நீங்களே வாருங்கள்.

தனியாக வாருங்கள்.

இப்படிக்கு,
தேவாலயத்தில் நீங்கள் கைபிடித்தவள்