அய்யனார் பலகைக்கு அடியில் ஒரு வாஷர்

‘கொழுந்தனாரே’ என்று தேனாகக் கூப்பிட்டே என்னிடம் வேலை வாங்கிய மதினிக்கு,

மழை வந்துவிட்டது. நேற்று மத்தியானம் கடம்பூர் தாண்டும்போது பிடித்தது, கோவில்பட்டி வந்து சேரும்வரை விடவில்லை. உளுந்து விதைத்தவர்கள் காட்டில் நனைந்துகொண்டே சிரிக்கிறார்கள். நீங்கள் போன பிறகு பெய்த முதல் மழை இது. நான் வண்டி ஓட்ட, அண்ணன் என் பக்கத்து சீட்டில் இருந்தார். அப்போது என் முழங்காலில் ஒரு சொட்டு விழுந்தது.

எனக்குப் பகீரென்றது மதினி. அண்ணனும் பார்த்துவிட்டார். வீடு வரைக்கும் அண்ணாந்து மேல் ரெக்சினையே பார்த்துக்கொண்டு வந்தார்.

நம் பிக்கப் வண்டி முதல்முதலாக ஒழுகிய வருஷம் நினைவிருக்கிறதா? நம் பக்கம் வருஷம் முழுக்கக் காய்கிற வெயிலில், வண்டி ஒழுகும் என்பதே ஐப்பசி பிறந்தால்தான் தெரியும். டிரைவர் சீட்டில் என் முழங்கால் பக்கம் சொட்டும். கீழேயே ப்யூஸ் பெட்டி. அது நனைந்தால் வண்டி நடுரோட்டில் நின்றுவிடும். தீப்பெட்டி லோடு கொடுத்தவர்களிடம் நான் வாங்கிக் கட்டிக்கொண்ட வசவு கொஞ்சமா நஞ்சமா? முன்கண்ணாடி ரப்பரை மாற்றினோம், கதவு ரப்பரை மாற்றினோம், கண்ட இடத்திலெல்லாம் பசையை அப்பினோம். சொட்டு நிற்கவில்லை.

“இது சாமி குத்தம்லே” என்றார் அண்ணன். குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைத்தார். வண்டியின் நெற்றியில் ஏற்கனவே இருந்த ‘அய்யனார் துணை’ பலகை போதாதென்று, அதற்கு மேலே இன்னும் பெரிதாக ஒன்று செய்து, தகரத்தைத் துளைத்துப் போல்ட்டுப் போட்டு முறுக்கினார். அடுத்த மழையில் சொட்டாக விழுந்தது ஒழுக்காகவே இறங்கியது.

அதோடு அண்ணனுக்கு மனசு விட்டுப்போனது. “வண்டிய வித்துருவோம்லே. நீ திருப்பூருக்குப் போயி பனியன் கம்பெனியில சேந்துக்க” என்றார். எனக்கு அந்த ஸ்டியரிங்கை விட்டால் வேறு என்ன தெரியும்? அப்போது என் வீட்டுக்காரி வேறு மாசமாக இருந்தாள். அவளை விட்டுவிட்டு எங்கே போய் நிற்பேன்? பையில் துணியை எடுத்து வைத்துக்கொண்டு நான் அழுததை நீங்கள் பார்த்தும் பார்க்காததுபோல் போனீர்கள். மறுநாள் காலையில் குடமும் கையுமாக வந்து நின்றீர்கள்.

“கொழுந்தனாரே, மேல ஒட்டியிருக்க ரெக்சினக் கழத்தும்.”

“எதுக்கு மதினி?”

“நம்ம ஓட்டு வீடு ஒழுகும்போது பாத்ததில்லையா? நுழையுத இடம் ஒண்ணு, சொட்டுத இடம் ஒண்ணு. நீரு சொட்டுத இடத்தையே பாத்துக்கிட்டு இருக்கீரு.”

ரெக்சினைக் கழற்றியதும் தகரத்தின் உள்பக்கம் முழுக்க, கண்ணாடி ஓரத்திலும் மூலையிலும்கூட, திருநீற்றை அள்ளிப் பூசினீர்கள். டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சீட்டில் காலைத் தூக்கிவைத்து உட்கார்ந்தீர்கள். நான் வெளியே நின்று, குடிக்க உதவாத உப்புத்தண்ணீரை ஊற்றினேன். “மொதல்லயே உச்சியில ஊத்தாதேரும். கீழ இருந்து கொஞ்சங் கொஞ்சமா மேல வாரும்!” என்று உள்ளே இருந்து ஒரே அதட்டல். தெருவே கூடிவிட்டது. “குடிக்கத் தண்ணியக் காணும், வண்டியக் குளிப்பாட்டுதாவ” என்று சிரித்தார்கள். நீங்கள் காதில் வாங்கவே இல்லை.

கதவில் ஊற்றினேன், திருநீறு கலையவில்லை. கண்ணாடியில் ஊற்றினேன், கலையவில்லை. நெற்றியில் ஊற்றியதுதான் தாமதம், “நிறுத்தும், நிறுத்தும்!” என்று கத்தினீர்கள். எட்டிப் பார்த்தேன். இரண்டு பலகையின் போல்ட்டு ஒவ்வொன்றிலிருந்தும் திருநீற்றில் ஒரு ஈரக்கோடு இறங்கி, மூலை வழியாக என் முழங்கால் பக்கம் வந்துகொண்டிருந்தது. சாமிக்காக நாம் போட்ட துளைதான் மதினி. குற்றம் தீரப் போட்டதுதான் கூடுதலாக ஒழுகியது.

அண்ணன் பதறிப்போனார். “ஏட்டி, சாமி பேருல கைய வைக்காத.”

“சாமியே மழை எப்ப வரும்னு காத்துக் கெடக்காரு. வந்த மழைய வண்டிக்குள்ள விடச் சொன்னாரா?” என்றீர்கள். ஆனாலும் செருப்பைக் கழற்றினீர்கள். கும்பிட்டு, “அய்யா, கொஞ்ச நேரம் எறங்கி உக்காரும்” என்று சொல்லிவிட்டுத்தான் ஸ்பேனரைப் போட்டீர்கள். இரண்டு பலகையையும் உங்கள் பச்சைச் சேலையை விரித்து அதன்மேல் வைத்தீர்கள். அண்ணன் பார்க்கமாட்டேன் என்று வேப்பமரத்தைப் பார்த்துத் திரும்பி நின்றார்.

துருவைத் தேய்த்து, பெயிண்ட் அடித்து, பெரிய பலகையின் துளைகளை அடைத்தோம். சின்னப் பலகைக்கு என் சைக்கிளின் பழைய டியூபில் நீங்களே வாஷர் வெட்டினீர்கள். பசை வைத்து முறுக்கி, திரும்பவும் தண்ணீர் ஊற்றினோம். திருநீறு பூசியது பூசியபடி இருந்தது. பெரிய பலகை வீட்டு வாசலுக்கு வந்தது. வண்டி விற்கவில்லை. நான் திருப்பூர் போகவில்லை. என் மகள் பிறந்த அன்றைக்கு ஊரிலேயே இருந்து அவளைக் கையில் வாங்கினேன் மதினி. உங்களால்தான். இதை உங்கள் முகத்துக்கு நேரே நான் சொன்னதே இல்லையே, ஏன்?

போன கார்த்திகையில் உங்களைத் திருநெல்வேலி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றும் கொட்டுகிற மழை. எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் சாய்ந்து கிடந்தீர்கள். அந்த வலியிலும் கையைத் தூக்கி மேல் ரெக்சினைத் தடவிப் பார்த்தீர்கள். “பொட்டுத் தண்ணி இல்ல, பாத்தீரா கொழுந்தனாரே” என்றீர்கள். என்னோடு நீங்கள் பேசியதில் அதுதான் கடைசி.

இன்று காலையில் நான் ரெக்சினைக் கழற்றி, திருநீறு பூசி, குடத்துத் தண்ணீரை ஊற்றினேன். ஈரக்கோடு சின்னப் பலகையின் போல்ட்டிலிருந்துதான் இறங்கியது. பலகையைக் கழற்ற நான் ஏறப்போனேன். “நீ இருலே” என்றார் அண்ணன். செருப்பைக் கழற்றினார். கும்பிட்டார். “அய்யா, கொஞ்ச நேரம் எறங்கி உக்காரும்” என்றார். உங்கள் பச்சைச் சேலையைப் பெட்டியிலிருந்து அவரே எடுத்து வந்து விரித்திருந்தார்.

உங்கள் வாஷர் காய்ந்து வெடித்திருந்தது. அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இத மாத்தித்தான் ஆகணுமாலே? அவ வெட்டுனது.”

“மாத்தலைன்னா ஒழுகும்ணே. ஒழுகினா மதினி ஏசுவாவ.”

அண்ணன் சிரித்தார் மதினி. நீங்கள் போனதிலிருந்து இன்றுதான் சிரித்தார். உங்கள் கத்தரிக்கோலை எடுத்துப் புது வாஷரை அவரே வெட்டினார். கோணல்மாணலாகத்தான் வந்தது. பழையதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். தண்ணீர் ஊற்றிப் பார்த்தோம். திருநீறு கலையவில்லை.

இனி வருஷாவருஷம் ஐப்பசி பிறக்கும் முன்னே குடத்தை எடுத்துவிடுவேன். கீழே இருந்துதான் மேலே ஊற்றுவேன். உள்ளே டார்ச் பிடிக்க அண்ணன் இருக்கிறார். அவரைத் தனியாக விட்டு நான் எந்த ஊருக்கும் போகமாட்டேன்.

நீங்கள் ஊரில் நிறுத்தி வைத்த,
உங்கள் கொழுந்தன்.