விசா ஆபீசுக்குச் சொன்ன கல்யாணம்

ஐப்பசி, செவ்வாய் இரவு. வடகவுஞ்சி.

அக்கா மகள் செல்வியைக் கனடாவுக்கு அழைத்துக்கொள்ள அவள் புருஷன் மனுப் போட்டிருக்கிறான். இன்று விசா ஆபீசிலிருந்து தமிழ் பேசும் அம்மா ஒருவர் போன் செய்தார். செல்வி தோட்டத்தில் இருந்ததால் நான்தான் எடுத்தேன். கல்யாணம் எப்படி நடந்தது என்று கேட்டார். குடும்ப கௌரவத்தை விட முடியுமா? பழனியே திரண்டு வந்தது, மூன்று நாள் விருந்து என்றேன். என் பேச்சில் அந்த அம்மாவே அசந்துபோனார்.

விஷயம் கேட்டதும் செல்வி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"மாமா, மலைக்கோயில்ல நாலஞ்சு பேரு முன்னாடி தாலி கட்டுனதுன்னுல்ல எழுதிக் குடுத்திருக்கோம்! பொய்க் கல்யாணம்னு தள்ளிட்டா நான் என்ன செய்ய? ஒங்க வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டீங்களா?"

சாப்பிடாமலே படுத்துவிட்டாள். எனக்கும் தூக்கம் வரவில்லை. மாப்பிள்ளை யானை மேல் வந்ததாகச் சொன்னதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.